தன்னன்பு மந்திரத்தால் வருமா?

தன்னைத்தானே இகழ்ந்துகொள்ளும் சமூகம் தலைநிமிர்ந்து வாழ்ந்ததாக உலக சரித்திரத்தில் ஓரிடத்தும் கண்டிலோம். ஆதலின், "உன்னை நீ நேசி, உன்னை உள்ளவாறே ஏற்றுக்கொள்" என்று நம்மவர்க்கு எவரேனும் எடுத்துரைப்பாராயின், அவரை வரவேற்பது நம் கடமை. ஆனால், அந்நேசத்தை அடையும் வழி யாதென வினவுமிடத்து, "நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று, நான் சிறந்தவன், நான் அழகன், என்னால் ஆகாதது ஒன்றுமில்லை என்று இருபது முறை சொல், அதுவே போதும்" என்று அவர் விடை பகர்வாராயின், அவரைச் சற்றே நிறுத்தி விசாரிப்பதும் நம் கடமையேயாகும். அவ்விசாரணையே இவ்வியாசத்தின் நோக்கம்.

யான் மனோதத்துவப் பண்டிதன் அல்லேன். ஆங்கிலப் பள்ளியிற் படித்து, தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து, பேரேட்டுக்கும் சம்பளப் பட்டியலுக்கும் நடுவே காலங்கழிப்பவன். கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு அழகான எழுத்தில் எழுதப்பட்டிருப்பினும், வரவும் செலவும் ஒத்துவாராத கணக்கில் அவன் கையொப்பம் இடான். அப்பழக்கத்தோடுதான் இப்புதிய போதனையையும் பார்க்கின்றேன்.

புதிய மந்திரம்

இக்காலத்தே கைப்பேசியைத் திறந்தால் ஒரு பிரசங்கியார். மண்டபத்துக்குப் போனால் ஒரு தன்முனைப்புப் பயிலரங்கு. பள்ளிப் பிள்ளைகளை விடுமுறையில் அழைத்துச் சென்றால் அங்கும் அதே பாடம். காலை எழுந்தவுடன் இன்ன வாக்கியம், படுக்கு முன் இன்ன வாக்கியம் என்று அச்சிட்ட தாள்களும் கையிற் கொடுக்கப்படுகின்றன. நூற்றெட்டு முறை உருவேற்றினால் நோய் தீரும், செல்வம் சேரும் என்ற பழைய சொல்லைக் கேட்டு நகைத்தவர்களே, அதே சரக்கு ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டு வந்தவுடன் கட்டணங் கட்டி முன்வரிசையில் அமர்கின்றனர். தாயத்தைக் கழற்றி எறிந்த கையில் இப்போது தாள்! என்னே நம் பகுத்தறிவு!

இது வெறும் வேடிக்கையாயின் நகைத்துவிட்டுப் போகலாம். ஆயின் இதனால் விளையும் கேடு ஒன்றை யான் கண்ணாரக் கண்டேன்.

எங்கள் தோட்டத்துத் தொழிலாளி ஒருவருடைய மகள், ஐந்தாம் படிவம் படித்தவள், அத்தகைய முகாம் ஒன்றுக்குச் சென்று வந்தாள். அங்குக் கொடுத்த தாளைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்து, ஓராண்டுக் காலம் காலைதோறும் தவறாது ஓதிவந்தாள். தேர்வு முடிவு வந்தது; கணக்கில் தவறிவிட்டாள். மேற்கொண்டு விண்ணப்பம் ஒன்றை நிரப்புவதற்காகத் தகப்பனாரோடு ஆபீசுக்கு வந்தவளை, "என்னம்மா, என்ன ஆயிற்று?" என்றேன். அவள் சொன்ன விடை இது: "நான் மனசார நம்பிச் சொல்லல போலிருக்கு, ஐயா."

வாசகர்களே, அவ்விடையை இன்னொரு முறை படியுங்கள். அவள் பள்ளியில் பல மாதங்கள் கணக்காசிரியர் இல்லை. செம்மண் சாலையில் நடந்து, பஸ் ஏறி, மறுபடியும் நடந்து பள்ளிக்குப் போய் வந்தவள் அவள். வீட்டில் எழுத மேசை இல்லை. தம்பி தங்கையர் உறங்கிய பின்னரே படிப்பு. இவற்றுள் ஒன்றேனும் அவள் வாயில் வரவில்லை. தான் மந்திரத்தைச் சரியாய் ஓதாததே தோல்விக்குக் காரணம் என்று அப்பேதைப் பெண் முடிவு கட்டிவிட்டாள். தன்னை நேசிக்கக் கற்பித்த பாடம், தன்னைக் குற்றவாளியாக்கிக்கொள்ளக் கற்பித்துவிட்டது. மருந்து பலிக்காவிடில் நோயாளியின் நம்பிக்கை குறைவு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வைத்தியனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

மந்திரம் பிறந்த கதை

இவ்வித்தை நேற்றுப் பிறந்ததன்று. எமில் கூவே என்பவர் 1857-ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசத்து த்ருவா நகரிற் பிறந்தவர், மருந்துக் கடைக்காரர். மருந்தைக் கொடுக்கும்போது அதன் குணத்தைப் புகழ்ந்து சொல்லிக் கொடுத்தால், நோயாளிக்கு அதனால் உண்டாகும் நன்மை மிகுவதை அவர் கவனித்தார். அக்கவனிப்பிலிருந்து ஒரு முறையை வகுத்து, நான்சி நகரில் வருவோர்க்கெல்லாம் இலவசமாகக் கற்பித்தார். நாள்தோறும் எல்லா வகையாலும் தான் மேன்மேலும் நலமுற்று வருவதாக ஒருவன் காலை விழித்ததும் இரவு படுக்கு முன்னும் இருபது முறை வாய்விட்டு முணுமுணுக்க வேண்டும்; எண்ணிக்கை தவறாதிருக்க இருபது முடிச்சிட்ட கயிறொன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்; இதுவே அம்முறை. 1920-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவரைக் காணத் திரள் திரளாக ஜனங்கள் கூடினர். 1926-இல் அவர் காலமானார்.

கூவே வஞ்சகர் அல்லர். தாம் எவரையும் குணப்படுத்துவதில்லை, அவரவரே தம்மைக் குணப்படுத்திக்கொள்கின்றனர் என்றே சொல்லிவந்தார். அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு: மனிதனுடைய சித்தம் ஒரு பக்கமும் அவனது உள்ளத்திற் பதிந்த கற்பனை ஒரு பக்கமும் இழுக்குமாயின், வெற்றி பெறுவது கற்பனையே என்பது அது. இன்றைய பிரசங்கிமார் அவருடைய கயிற்றை எடுத்துக்கொண்டு அவ்வுண்மையை விட்டுவிட்டனர். "நான் தாழ்ந்தவன்" என்ற கற்பனை எலும்பு வரை இறங்கிய ஒருவன், "நான் உயர்ந்தவன்" என்று உதட்டால் இருபது முறை சொன்னால், கூவேயின் விதிப்படியே வெல்லப்போவது எது?

ஆராய்ச்சி காட்டுவது

இதனைச் சோதித்தும் பார்த்துள்ளனர். கனடா தேசத்து வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோவான் வுட் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 2009-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மாணவர் சிலரை நான்கு நிமிஷம் தம் எண்ணங்களை எழுதச் செய்து, மணியொலி கேட்கும்போதெல்லாம் தாம் அன்புக்குரியவர் என்று தமக்குள் சொல்லிக்கொள்ளச் செய்தனர். முன்னமே தம்மை மதித்து வந்தோர்க்கு அதனாற் சிறிது நன்மை உண்டாயிற்று. தம்மைத் தாழ்வாக எண்ணி வந்தோரோ, அவ்வாக்கியத்தைச் சொல்லாதிருந்த தம்மையொத்தாரைவிட மனஞ்சோர்ந்தனர். உள்ளவனுக்கு இன்னுங் கொஞ்சம். இல்லாதவனிடம் இருந்ததும் பறிப்பு! பின்னர் 2020-இல் வேறு ஆராய்ச்சியாளர் அச்சோதனையை மீண்டுஞ் செய்தபோது அத்தீங்கு அவ்வாறு காணப்படவில்லை என்பதையும் மறையாமற் சொல்லிவிடுகின்றேன். ஆதலின் அதனை வேதவாக்காக்க வேண்டுவதில்லை.

அவ்வாராய்ச்சியிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. தாழ்வெண்ணம் உடையோரைப் பார்த்து, "இவ்வாக்கியம் எவ்வகையில் மெய், எவ்வகையில் மெய்யன்று என இரண்டையும் எண்ணிப் பார்" என்று விட்டபோது, "மெய்யென்று மட்டுமே எண்ணு" என்று கட்டாயப்படுத்தப்பட்டோரைவிட அவர்கள் நல்ல நிலையில் இருந்தனர். உண்மையைப் பேச இடங்கொடுத்தால் மனம் ஆறுதல் அடைகின்றது. பொய்ப்புகழ்ச்சியைத் திணித்தால் எதிர்த்து நிற்கின்றது. சர்க்கரை என்று சொன்னால் நாக்கு இனிக்குமா என்று கேட்ட நம் பாட்டிமார்க்கு இது புதிய செய்தியன்று.

நாம் அன்றாடம் ஓதும் பழைய மந்திரம்

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமல்லவா? நல்ல வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் என்ன நட்டம்?" என்பார் சிலர். திரும்பச் சொல்லுதலுக்கு வல்லமை உண்டு என்பதை யான் மறுக்கவில்லை. அதற்கு நம் சமூகமே சாட்சி. நம்மிடையே மிகப் பழைய மந்திரம் ஒன்று வழங்கிவருகின்றது. அதற்குக் கண்ணாடி வேண்டுவதில்லை, கயிறும் வேண்டுவதில்லை. "நம்ம ஆளுக உருப்பட மாட்டாங்க." "தோட்டத்துப் புத்தி எங்க போகும்?" "பால் வெட்டுறவன் மகனுக்குப் பெரிய படிப்பு எதுக்கு?" "இந்தக் கறுப்புக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்?" இவை ஒருவர் வாயில் மட்டும் வருவனவல்ல. தாய் சொல்லுவாள், பாட்டன் சொல்லுவான், மண்டோர் சொல்லுவான், கிராணி சொல்லுவான், கோபம் வந்தால் ஆசிரியரும் சொல்லுவார். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடியேறியவன், பெட்டி படுக்கையோடு இம்மந்திரத்தையும் சுமந்துகொண்டே படியேறுகின்றான். பால்மரம் அழிந்து செம்பனை வந்தது. லயம் அழிந்து அடுக்குமாடி வந்தது. மந்திரம் மட்டும் அழியவில்லை.

கூலி என்பது உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல். அதனையே ஆளுக்குப் பெயராக்கி வழங்கினர் நம்மை ஆண்டோர். நாமும் தலைகுனிந்து ஏற்றோம். ஏற்றதோடு நின்றோமா? நம்மிற் சற்றே மேலேறியவன் கீழே நிற்பவனை அப்பெயராலேயே அழைத்தான். பிறன் எறிந்த கல்லை எடுத்துப் பத்திரப்படுத்தி, நம் பிள்ளைகள் தலையிலேயே எறிந்துவந்த கதையன்றோ இது?

நிற்க. மேற்சொன்ன பெண்ணின் கதையில் யான் மறைத்துவைத்த பகுதியை இப்போது சொல்ல வேண்டும். அவள் விடை கேட்டு மனம் நொந்த யான், அடுத்த கணம் அவள் தகப்பனாரை நோக்கி, "என்னா, உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா? அப்படி ஓரமா நில்லு" என்றேன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். என்னை "ஐயா" என்கின்றவர். அச்சொல் என் வாயில் கோபத்தால் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது. பெரட்டில் எனக்கு முன்னிருந்த கிராணிமார் பேசிய மொழி அது, யானும் பேசினேன். அவர் ஓரமாய் நின்றார். அப்பெண் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, வியப்பும் இல்லை. அது அவளுக்குப் பழகிய காட்சி. அதுதான் என்னைச் சுட்டது.

காலையில் ஒரு நிமிஷம் கண்ணாடி அவளிடம், "நீ உயர்ந்தவள்" என்கின்றது. பகலெல்லாம் நாங்கள் அவள் தகப்பனாரிடம், "நீ ஓரமாய் நில்" என்கின்றோம். எந்த வாக்கியத்தை அவள் நம்புவாள்? எந்த மந்திரம் இருபது முறை ஓதப்பட்டது? அன்று அவளுக்கு மந்திரத்தின் குறையை எடுத்துரைக்கப் புகுந்த எனக்கு, அம்மந்திரத்தை முறியடிப்பவர் வரிசையில் யானே முதலில் நிற்பது தெரியவந்தது.

சைக்கிளும் மானமும்

தன்மதிப்பு என்றால் என்னவென்று இந்நாட்டுத் தமிழ்த் தொழிலாளர்க்குப் பயிலரங்கு வைத்துக் கற்பிக்க வேண்டுவதில்லை; அவர்களே நமக்குக் கற்பித்துள்ளனர். 1941-ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளர்க்கு நிகரான சம்பளம் வேண்டும், பிள்ளைகட்குத் தக்க கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பெண்டிரிடம் தகாது நடப்பது ஒழிய வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகள். அவற்றோடு ஒரு கோரிக்கை இருந்தது; இன்று கேட்பார்க்கு அற்பமாய்த் தோன்றும். துரைமார் முன்னிலையிலும் ஆபீஸ் சிப்பந்திகள் முன்னிலையிலும் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்காமல் ஏறிச் செல்ல உரிமை வேண்டும் என்பதே அது!

சைக்கிளிலிருந்து இறங்காமல் இருப்பதனால் ஒரு காசும் மிகுதியாய்க் கிட்டாது. ஆயினும் அரிசிக்கும் பருப்புக்கும் போராடியவர்கள் அதனையும் சேர்த்துக் கேட்டனர். கண்ணாடி முன் நின்று "நான் மதிப்புக்குரியவன்" என்று முணுமுணுத்தாரல்லர்; மதிப்பைத் தாரும் என்று பிறர் முகத்துக்கு நேரே கேட்டனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அக்கோரிக்கையில் துரைமாரோடு சேர்த்துச் சுட்டப்பட்ட சிப்பந்திகளுள் என் போன்ற கிராணிமாரும் அடங்குவர் என்பதை யான் மறக்கலாகாது.

தமிழகத்திலும் இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகட்கு முன், 1929-இல், செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாட்டினர், "நாங்கள் சமம், நாங்கள் சமம்" என்று சேர்ந்து ஓதிவிட்டுக் கலையவில்லை; பெயரோடு ஒட்டிய சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தனர். சொல்லைச் செயல் தாங்கிற்று. செயல் தாங்காத சொல் எதுவாயினும் அது கூரையில்லாத கொட்டகை. வெயில் நாளில் அழகாய்த் தோன்றும், மழைக்கு உதவாது. திருக்குறளில் மானம் என்று ஓர் அதிகாரம் உண்டு. தற்புகழ் என்று ஓர் அதிகாரம் இல்லை. ஏனென்று எண்ணிப் பார்ப்பீர்களாக.

செய்ய வேண்டுவது யாது?

"அப்படியாயின் உள்ளத்துக்கு உரம் வேண்டாமா? சமூகம் திருந்தும் வரை அப்பெண் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மூன்று விஷயங்களைச் சொல்லுகின்றேன்.

முதலாவது, நாள்தோறும் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வேண்டுமானால், அது மெய்யாய் இருக்கட்டும். "என்னால் ஆகாதது ஒன்றுமில்லை" என்பது துரைக்கும் பொய், கிராணிக்கும் பொய், தொழிலாளிக்கும் பொய். "எனக்குக் கணக்கு இன்னும் வரவில்லை, அதனால் நான் இழிந்தவள் அல்லேன்" என்பது மெய். "நேற்று நான்கு கணக்குப் போட்டேன், இரண்டு சரி" என்பதும் மெய். குறையைக் குறை என்று ஒப்புக்கொண்டு, அக்குறையினால் தன் மதிப்பு போய்விடவில்லை என்று உணர்தலே தன்னை ஏற்றுக்கொள்ளுதல். குறையே இல்லையென்று சாதிப்பது ஏற்றுக்கொள்ளுதல் அன்று, ஒளித்துக்கொள்ளுதல்.

இரண்டாவது, தான் எதனை உயர்வென மதிக்கிறான் என்பதை ஒருவன் அடிக்கடி நினைத்துப் பார்த்தல் நன்று. கிளாட் ஸ்டீல் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1988-இல் இக்கருத்தை விரித்துரைத்தார். தாம் மதிக்கும் பொருளைப் பற்றி, அது குடும்பமாயினும் நட்பாயினும் கலையாயினும், பள்ளிப் பிள்ளைகளை வகுப்பில் சில நிமிஷம் எழுதச் செய்த ஆராய்ச்சி ஒன்று 2006-இல் வெளியாயிற்று. அதில் கறுப்பின மாணவர்க்கும் வெள்ளையர்க்கும் இருந்த மதிப்பெண் வித்தியாசம் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்ததாகக் கண்டனர். பிற்காலத்துப் பெரிய ஆராய்ச்சிகளில் அவ்வளவு பலன் காணப்படவில்லை; அதனையும் சர்வரோக நிவாரணி என்று விற்கப் புறப்பட வேண்டாம். எனினும் வேற்றுமையைக் கவனியுங்கள். அப்பிள்ளைகள் "நான் சிறந்தவன்" என்று எழுதவில்லை. "இது எனக்கு முக்கியம்" என்று எழுதினர். முன்னது பெருமை, பின்னது வேர்.

மூன்றாவதும் முதன்மையானதும் இது: நம் வாயை நாம் கழுவ வேண்டும். ஒரு பிள்ளை தன்னை நேசிக்க வேண்டுமானால், தான் பிறந்த வீடும் தன்னைப் பெற்றவர்களும் மதிக்கப்படுவதை அது கண்ணாற் காணவேண்டும். தகப்பனைப் "போடா" என்றும் தாயை "ஏய்" என்றும் அழைக்கும் இடத்தில் நின்றுகொண்டு பிள்ளைக்குத் தன்னன்பு போதிப்பது, கிணற்றில் நஞ்சைக் கலந்துவிட்டுக் குவளையைத் துலக்குவது போலாகும். பெற்றோர்களே, பெண்ணின் நிறத்தைச் சொல்லிப் பழிப்பதை இன்றே விடுங்கள். ஆசிரியர்களே, "தோட்டத்துப் பிள்ளை" என்பதை வசையாக்காதீர்கள். பயிலரங்கு நடத்தும் அன்பர்களே, பிள்ளைகட்குத் தாளைக் கொடுக்கு முன், அப்பள்ளியில் கணக்காசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையாயின் உம் குரலை அங்கே உயர்த்துங்கள். கண்ணாடிக்குக் காது இல்லை. கல்வி இலாகாவுக்கு உண்டு.

என்னைப் பற்றிய கணக்கையும் முடித்துவிடுகின்றேன். மறுநாட் காலைப் பெரட்டில் அப்பெரியவரை, "வாங்க" என்றேன். அவர் பின்னால் யாரோ வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளைஞர்கள் சிரித்தனர். எனக்கும் நாக் கூசிற்று. ஒரு வாரம் கழிந்து சிரிப்பு நின்றது. ஒரு மாதம் கழிந்து கூச்சம் நின்றது. திரும்பத் திரும்பச் சொல்லுதலின் வல்லமை என்பது இதுதான் போலும். ஆனால் சொல்ல வேண்டியது தனக்குத்தானே அன்று, எதிரே நிற்பவர்க்கு. அப்பெண் கணக்குத் தேர்வை மறுபடி எழுத இருக்கின்றாள். வாரத்தில் இரு மாலை ஆபீஸ் திண்ணையில் அவளுக்கும் இன்னும் மூவர்க்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கின்றேன். தேறுவாளோ மாட்டாளோ, அதனை முன்கூட்டிச் சொல்ல யான் சோதிடன் அல்லேன். ஆயின் மறுமுறை தவறினும், "நான் மனசார நம்பிச் சொல்லல" என்று அவள் சொல்லமாட்டாள்; எந்தக் கணக்கு வரவில்லை என்பதைச் சொல்லுவாள்.

தமிழர்களே! தன்னன்பு வேண்டும், ஐயமில்லை. அதனைக் கண்ணாடியில் தேடாதீர்கள். நாளைக் காலை உங்கள் முன் வந்து நிற்கும் முதல் மனிதரை எவ்வாறு அழைக்கிறீர்கள் என்பதிலே தேடுங்கள்.